கோடி கோடி ஆண்டுப் பூட்டு: ஒரு புகழ்பெற்ற கட்டுரையின் மறு ஆய்வு

1977-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்து ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில், மார்ட்டின் கார்ட்னர் தம்முடைய கணித விளையாட்டுப் பகுதியில் ஒரு கட்டுரை எழுதினார். ‘உடைப்பதற்குப் பல மில்லியன் ஆண்டுகள் பிடிக்கும் ஒரு புதுவகைச் சங்கேதம்’ என்பது அதன் தலைப்பின் பொருள். பொதுமக்களுக்காக எழுதப்பட்ட விஞ்ஞானக் கட்டுரைகளுள் இத்தனை விளைவை உண்டாக்கியவை மிகச் சிலவே. அதைப் படித்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் முழு விவரமும் வேண்டும் என்று மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்குக் கடிதம் எழுதினர். இன்று வங்கிக் கணக்கைக் கைபேசியில் திறக்கும்போது நம்மை அறியாமலே பயன்படுகிற பொதுத் திறவுகோல் முறையை உலகத்தார் பலர் முதன்முதலாக அறிந்துகொண்டது அக்கட்டுரையின் வாயிலாகத்தான்.

அத்தகைய ஒன்றை இத்தனை ஆண்டுகள் கழித்து எடுத்து வைத்துக்கொண்டு குறை சொல்லலாமா என்று வாசகர் கேட்கலாம். சொல்லத்தான் வேண்டும். அக்கட்டுரை பழையதாயினும் அது கதை சொன்ன விதம் பழையதாகிவிடவில்லை. பாடப் புத்தகங்களிலும், இதழ்களிலும், மேடைப் பேச்சுகளிலும் இவ்விஷயம் இன்றும் அதே விதமாகவே சொல்லப்பட்டு வருகிறது: ‘பெரிய எண்ணின் காரணிகளைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம், ஆகவே இச்சங்கேதம் பாதுகாப்பானது.’ இவ்வாக்கியத்தின் முதற்பாதி உண்மை. நடுவில் நிற்கும் ‘ஆகவே’ என்ற சொல்தான் நமது ஆராய்ச்சிக்கு உரியது.

முதலில் கட்டுரையின் சிறப்பைச் சொல்லிவிடுவோம். பழைய சங்கேத முறைகளில் பூட்டுகிற சாவியும் திறக்கிற சாவியும் ஒன்றே. செய்தியை அனுப்பு முன்னர்ச் சாவியை அனுப்பியாக வேண்டும்; அதை எந்த வழியில் பத்திரமாக அனுப்புவது என்பதே பெருந்தொல்லை. 1976-இல் விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இருவரும் இதற்கு ஒரு புதிய வழியை எடுத்துரைத்தனர். பூட்டும் சாவியை ஊரறிய அறிவித்துவிடலாம். திறக்கும் சாவியை மட்டும் உரியவர் வைத்துக்கொள்ளலாம். எவரும் பூட்டலாம், ஒருவரே திறக்கலாம். இதை எண்களைக் கொண்டு செய்து காட்டியவர்கள் ரொனால்டு ரிவெஸ்ட், ஆதி ஷமீர், லியோனார்டு ஏடில்மன் ஆகிய மூவர். அவர்களுடைய பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஆர்எஸ்ஏ முறை என்று அது வழங்கப்படுகிறது. அதைத்தான் கார்ட்னர் எழுதினார். மூவரின் ஆய்வுரை அச்சேறுவதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே எழுதினார்.

அவர் எழுதியதில் மிகவும் தெளிவான பகுதி ஒன்று உண்டு. ஓர் எண் பகா எண்தானா என்று சோதித்தறிவது ஒரு வேலை. ஒரு பகு எண்ணின் காரணிகளைத் தேடிப் பிடிப்பது வேறொரு வேலை. முன்னது எளிது, பின்னது அரிது. இந்த வேறுபாட்டின் மேல்தான் முழு முறையும் நிற்கிறது. 2002-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த மணீந்திர அகர்வாலும், அவருடைய மாணவர்கள் நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும் பகா எண் சோதனைக்கு ஒரு சிறந்த வழியைக் கண்டபோது, இனிச் சங்கேதங்களின் கதி என்ன என்று பதறியவர்கள் உண்டு. கார்ட்னரைக் கவனமாகப் படித்தவர் எவரும் பதறியிருக்க மாட்டார்.

இம்முறையைச் சிறிய எண்களில் நாமே செய்து பார்க்கலாம். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். 3, 11 என்ற இரு பகா எண்களைப் பெருக்கினால் 33. இந்த 33-ஐயும், 3 என்ற ஓர் அடுக்கையும் ஊருக்கு அறிவித்துவிடுகிறோம். 7 என்ற இன்னோர் அடுக்கு இரகசியம். அனுப்ப வேண்டிய செய்தி 4 என்று வைத்துக்கொள்வோம். 4-ஐ மும்முறை பெருக்கினால் 64. அதை 33-ஆல் வகுத்தால் மீதி 31. இந்த 31-தான் பூட்டிய செய்தி. பெறுபவர் 31-ஐ ஏழு முறை பெருக்கி 33-ஆல் வகுப்பார். மீதியாக 4 வந்து நிற்கும். 33-இன் காரணிகள் தெரிந்தால் அந்த 7-ஐக் கணக்கிட்டுவிடலாம். தெரியாவிட்டால் அதற்கு வழி அறியோம். 33-க்குப் பதிலாக நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண்ணை வைத்தால் அதுவே ஆர்எஸ்ஏ.

இனிக் குறைகளுக்கு வருவோம். கட்டுரையின் கவர்ச்சியான பகுதி அதிலிருந்த போட்டி. 129 இலக்கமுள்ள ஓர் எண், 9007 என்ற அடுக்கு, அவற்றால் பூட்டப்பட்ட ஒரு செய்தி ஆகியவை அச்சிடப்பட்டிருந்தன. திறப்பவருக்கு 100 டாலர் பரிசு. இந்த அளவுள்ள எண்ணைக் காரணிப்படுத்த, அன்று தெரிந்த சிறந்த முறையையும் வேகமான கணிப்பொறியையும் கொண்டாலும் 4×10¹⁶ ஆண்டுகள், அதாவது 400 கோடி கோடி ஆண்டுகள் பிடிக்கும் என்று ரிவெஸ்டின் மதிப்பீடும் தரப்பட்டிருந்தது. பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான். அதைப்போல் 29 லட்சம் மடங்கு!

1994 ஏப்ரலில் விடை வந்துவிட்டது. டெரெக் அட்கின்ஸ், மைக்கேல் கிராஃப், ஆர்யன் லென்ஸ்ட்ரா, பால் லேலண்டு ஆகியோர் சுமார் 600 தொண்டர்களைத் திரட்டி, 1,600 அளவிலான கணிப்பொறிகளில் வேலையைப் பகிர்ந்தளித்து, எட்டு மாதங்களில் 64 இலக்கமும் 65 இலக்கமும் கொண்ட இரு காரணிகளைக் கண்டனர். உள்ளே இருந்த செய்தி, ‘தி மேஜிக் வேர்ட்ஸ் ஆர் ஸ்க்வீமிஷ் ஆசிஃப்ரேஜ்’. எலும்பு தின்னும் ஒருவகைக் கழுகுக்குக் குமட்டல் எடுக்கிறதாம்! எவராலும் ஊகிக்க முடியாதபடி பொருத்தமில்லாத சொற்களைச் சேர்த்திருக்கிறார்கள்.

கணிப்பொறிகளின் வேகம் கூடியதால் இது நடந்தது என்று சொல்லிவிடுவது வழக்கம். அது பாதிக் காரணமே. காரணிப்படுத்தும் வழிகளும் இடையில் வளர்ந்தன. 1981-இல் கார்ல் பொமரன்ஸ் வகுத்த இருபடிச் சல்லடை என்ற முறையைக் கொண்டே 129 இலக்க எண் உடைக்கப்பட்டது. இவ்விரண்டையும்விட எனக்கு வியப்பளிப்பது இன்னொன்று. மூவரும் 1978 பிப்ரவரியில் வெளியிட்ட ஆய்வுரையில் ஓர் அட்டவணை இருக்கிறது. வினாடிக்குப் பத்து லட்சம் செயல்கள் என்ற கணக்கில், அவர்கள் அறிந்த மிக வேகமான முறையால், 100 இலக்க எண்ணுக்கு 74 ஆண்டுகள், 200 இலக்க எண்ணுக்கு 380 கோடி ஆண்டுகள், 300 இலக்க எண்ணுக்கு 4.9×10¹⁵ ஆண்டுகள் என்று அது கூறுகிறது. அப்படியானால், கார்ட்னரின் பக்கத்தில் 130 இலக்கத்துக்கும் குறைவான எண்ணுக்குச் சொல்லப்பட்ட காலம், அட்டவணையில் 300 இலக்க எண்ணுக்குச் சொல்லப்பட்ட காலத்தைப்போல் எட்டு மடங்கு ஆகிறது! எந்த வழியால் முயல்கிறோம் என்பதைப் பொறுத்து விடை இப்படித் தாவுகிறது. ஆகவே ‘இந்த எண்ணை உடைக்க இத்தனை ஆண்டு’ என்று எங்கேனும் படித்தால், ‘எந்த வழியால்?’ என்று நீங்கள் கேட்க வேண்டும். கார்ட்னரின் கட்டுரையில் அவ்வினா எழுப்பப்படவில்லை.

ஆனால் இது சிறிய குறையே. எண்ணைப் பெரிதாக்கினால் தீர்ந்துபோகும். போட்டிக்காக வெளியிடப்பட்ட இத்தகைய எண்களில் 2020-இல் உடைக்கப்பட்டது 250 இலக்கம் கொண்டது. நடைமுறையில் வைக்கப்படுவன 617 இலக்கம் கொண்டவை. பெரிய குறை வேறோரிடத்தில் இருக்கிறது. அது, பகைவனைப் பற்றி அக்கட்டுரை நம் மனத்தில் வரைந்துவிட்ட படம்.

அந்தப் படத்தில் பகைவன் தனியே உட்கார்ந்திருக்கிறான். அவனிடம் ஊரறிந்த எண்ணும் பூட்டிய செய்தியும் மட்டுமே உள்ளன. காரணிகளைத் தேடித் தேடிக் கிழவனாகிறான். போட்டிக்கு இந்தப் படம் பொருந்தும். உலகியலில் பொருந்தாது. உலகியலில் பூட்டைத் திறக்கும் பொறி எந்நேரமும் விழித்திருக்கிறது. எவர் எதை அனுப்பினாலும் வாங்கித் திறந்து பார்த்து ஏதோ ஒரு விடை கூறுகிறது. பகைவன் அதனோடு பேசலாம்.

மறுபடியும் நம் 33-க்குத் திரும்புவோம். நீங்கள் பகைவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் 31 என்ற பூட்டிய செய்தி உங்கள் கையில் கிடைக்கிறது. அதையே உரியவரிடம் கொடுத்துத் திறந்து தரச் சொன்னால் அவர் மறுத்துவிடுவார். ஆகவே அதற்கு ஒரு வேடம் போடுகிறீர்கள். 2-ஐ மும்முறை பெருக்க 8. 31-ஐ 8-ஆல் பெருக்க 248. 33-ஆல் வகுக்க மீதி 17. பார்ப்பதற்கு 31-க்கும் 17-க்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ‘ஐயா, இதைத் திறந்து பாருங்கள்’ என்று 17-ஐக் கொடுக்கிறீர்கள். அவர் திறந்து, ‘இதில் ஒன்றும் விசேஷமில்லை, வெறும் 8’ என்கிறார். நீங்கள் 8-ஐ 2-ஆல் வகுக்கிறீர்கள். விடை 4. இரகசியம் வெளிவந்துவிட்டது, 33-இன் காரணிகளை நீங்கள் தேடவே இல்லை!

எண் எத்தனை பெரிதானாலும் இந்தத் தந்திரம் மாறாமல் பலிக்கும். பெருக்கிப் பூட்டினாலும் பூட்டிப் பெருக்கினாலும் ஒன்றே என்ற குணம் இம்முறையின் எலும்பிலேயே இருக்கிறது. 1982-இல் ஜார்ஜ் டேவிடா இக்குணத்தைக் கொண்டு தாக்கும் வழியை எடுத்துக் காட்டினார். பகைவன் தானே தேர்ந்தெடுத்த பூட்டிய செய்திகளை அனுப்பி விடை பெறும் இவ்வகைத் தாக்குதலைத் தேர்ந்த மறைச்செய்தித் தாக்குதல் என்று கூறலாம்.

இதைவிட வேடிக்கையானது மைக்கேல் ரேபினின் கதை. ஆர்எஸ்ஏ-ஐ உடைப்பதும் எண்ணைக் காரணிப்படுத்துவதும் ஒரே அளவு கடினம் என்பதை இன்றுவரை எவரும் நிரூபிக்கவில்லை. காரணிகளைக் காணாமலே உடைக்க வேறு குறுக்கு வழி இருக்கக் கூடும். இக்குறையைப் போக்க 1979-இல் ரேபின் இன்னொரு முறையை அமைத்தார். அதில் செய்தியின் வர்க்கத்தை எடுத்து, பெரிய எண்ணால் வகுத்த மீதியை அனுப்ப வேண்டும். இதை உடைக்கத் தெரிந்தவன் எண்ணையும் காரணிப்படுத்திவிடுவான் என்று அவர் ஐயத்துக்கு இடமின்றி நிரூபித்தார். ‘ஆகவே’ என்ற சொல்லுக்கு இதைவிட உறுதியான ஆதாரம் வேண்டுமா?

ஆனால் அந்த நிரூபணமே பகைவன் கையில் ஆயுதமாகிறது. மீண்டும் 33. நீங்கள் 5 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு அதன் வர்க்கமாகிய 25-ஐ உரியவரிடம் அனுப்புகிறீர்கள். அவர் வர்க்கமூலம் காண்கிறார். 33-ஆல் வகுத்து மீதி 25 தரும் வர்க்கமூலங்கள் நான்கு உள்ளன: 5, 16, 17, 28. நீங்கள் எதை நினைத்தீர்கள் என்பது அவருக்குத் தெரியாது. அவர் 16 என்று விடை தருகிறார் என்க. 16-இலிருந்து 5-ஐக் கழித்தால் 11. அது 33-இன் காரணி! பெரிய எண்ணானால், கழித்து வந்ததற்கும் அந்த எண்ணுக்கும் பள்ளியில் படித்த முறையால் மீப்பெரு பொது வகுத்தி கண்டால் போதும். ஒருமுறை கேட்டால் இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. சில முறை கேட்டால் ஏறக்குறைய உறுதி. ஒரு செய்தி மட்டுமன்று, சாவியே பறிபோகிறது. எவனும் கேள்வி கேட்காத உலகில் ரேபினின் முறை ஆர்எஸ்ஏ-ஐவிட உறுதியானது. கேள்வி கேட்கும் உலகில் அது அதைவிட மெலிந்தது. ஆகவே பாதுகாப்பை அளக்கும்போது, பகைவனுக்கு என்னென்ன செய்ய அனுமதி உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதைச் சொல்லாத கூற்று அரைகுறைக் கூற்றே.

உரியவர் ஏன் முன்பின் தெரியாதவனுக்குத் திறந்த விடையைக் கொடுக்கப் போகிறார் என்று நீங்கள் மறுக்கலாம். நல்ல கேள்வி. பல ஆண்டுகள் நிபுணர்களும் அப்படித்தான் எண்ணியிருந்தனர். இவையெல்லாம் கரும்பலகைத் தாக்குதல்கள், நடைமுறைக்கு ஒவ்வாதவை என்றனர். அந்த எண்ணத்தை 1998-இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டேனியல் பிளைக்கன்பாக்கர் தகர்த்தார்.

அப்போது வலைத்தளங்களுக்கும் அவற்றைப் பார்ப்பவர்களுக்கும் இடையே இரகசியம் காக்க எஸ்எஸ்எல் என்ற ஒழுங்கு வழங்கி வந்தது. அதில் செய்தியை அப்படியே பூட்டுவதில்லை. முதலில் 00, 02 என்ற இரு பைட்டுகள், பிறகு மனம்போன எண்கள் சில, பிறகு ஒரு 00, அதன் பின்னரே செய்தி என்று ஒரு படிவம் வகுத்திருந்தனர். ஒரே செய்தியை இருமுறை பூட்டினாலும் இருவேறு உருவம் வர வேண்டும் என்பதற்காக அந்த மனம்போன எண்கள். இது தேவையே. அவை இல்லாவிட்டால், ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று மட்டுமே இருக்கக்கூடிய ஒரு செய்தியைப் பகைவன் இரண்டையும் தானே பூட்டி ஒப்பிட்டுக் கண்டுகொள்வான். கார்ட்னரின் பக்கத்தில் இருந்த முறை அத்தகையதே: ஏ-க்கு 01, பி-க்கு 02 என்று எழுத்துகளை எண்ணாக்கி நேராகப் பூட்டியது. இக்குறையை 1982-இல் ஷாஃபி கோல்டுவாசரும் சில்வியோ மிகாலியும் தெளிவுபட ஆராய்ந்து, பாதுகாப்பு என்பதற்கே கணித முறையில் ஒரு வரையறை தந்தனர். அப்பணிக்காக 2012-ஆம் ஆண்டுக்குரிய டியூரிங் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது.

எஸ்எஸ்எல்-இல் சேவைப் பொறி, வந்த செய்தியைத் திறந்ததும் முதலில் படிவத்தைப் பார்க்கும். 00, 02 இல்லாவிட்டால் ‘படிவம் சரியில்லை’ என்று திருப்பி அனுப்பும். அலுவலகச் சன்னலில் நாம் எல்லாரும் கேட்டுப் பழகிய விடைதான். செய்தியைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்வதில்லை. ஆனால் பிளைக்கன்பாக்கருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

சிறுவர் விளையாட்டு ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒருவர் ஆயிரத்துக்குள் ஓர் எண்ணை நினைத்துக்கொள்ள, மற்றவர் ‘ஐந்நூறுக்கு மேலா?’, ‘இருநூற்றைம்பதுக்கு மேலா?’ என்று கேட்டுக்கொண்டே வந்தால் பத்துக் கேள்விகளில் பிடித்துவிடலாம். இங்கும் அதே விளையாட்டு. வழியில் பிடித்த பூட்டிய செய்தியை, நாம் 31-க்கு வேடம் போட்டதுபோல, ஓர் எண்ணின் பூட்டிய உருவத்தால் பெருக்கி அனுப்ப வேண்டும். பெரும்பாலும் ‘படிவம் சரியில்லை’ என்றே வரும். பல்லாயிரத்தில் ஒருமுறை அந்த விடை வராது. வராவிட்டால், உள்ளே இருக்கும் எண்ணை நாம் தேர்ந்த எண்ணால் பெருக்கி வகுத்த மீதி 00, 02 என்றுதான் தொடங்குகிறது என்று பொருள். அதாவது அது ஒரு குறுகிய எல்லைக்குள் இருக்கிறது. அப்படி ஒவ்வொரு முறையும் எல்லை சுருங்கிக்கொண்டே வந்து, இறுதியில் ஒரே ஓர் எண் மிஞ்சும். 309 இலக்க எண்ணுக்குச் சுமார் பத்து லட்சம் கேள்விகள் போதும் என்று அவர் காட்டினார். மனிதனுக்கு அது பெரிய தொகை, கணிப்பொறிக்கு அன்று. அந்த 309 இலக்க எண் உடையாமல் அப்படியே இருக்கிறது. அதன் கடினத்தைப் பற்றிக் கார்ட்னர் எழுதியதில் ஒரு சொல்லும் பொய்யாகவில்லை. செய்தி மட்டும் போய்விட்டது.

இதற்குச் செய்யப்பட்ட பரிகாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. செம்மையான படிவங்கள் அதற்குள் வந்திருந்தன. 1994-இல் மிஹிர் பெல்லாரேயும் ஃபிலிப் ரோகவேயும் வகுத்தது ஒன்று. அதே 1998-இல் ரொனால்டு கிராமர், விக்டர் ஷூப் இருவரும் இவ்வகைத் தாக்குதலையும் தாங்கும் என்று நிரூபிக்கப்பட்ட, நடைமுறைக்கு ஏற்ற ஒரு முறையைத் தந்தனர். ஆனால் ஏற்கெனவே பரவிவிட்ட ஒழுங்கை மாற்ற எவரும் விரும்பவில்லை. படிவம் தவறினாலும் தவறாததுபோல் நடித்து, ஏதோ ஓர் எண்ணை வைத்துக்கொண்டு மேலே செல்க என்று ஓர் ஒட்டுப் போட்டனர். நடிப்பு எல்லாருக்கும் ஒன்றுபோல் வருமா? 2017-இல், அதாவது பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, ஹன்னோ பெக், யுராய் சொமொரோவ்ஸ்கி, கிரேக் யங் ஆகியோர் சோதித்தபோது, மிகுதியாகப் பார்க்கப்படும் முதல் நூறு தளங்களில் 27-இல் அதே ஓட்டை ஏதோ ஓர் உருவில் இருந்தது. ஃபேஸ்புக்கின் இரகசியத் திறவுகோலால் கையொப்பமிட்ட ஒரு செய்தியையே அவர்கள் உண்டாக்கிக் காட்டினர். 2018-இல் வந்த டிஎல்எஸ் 1.3 ஒழுங்கில்தான் இந்த வழியில் ஆர்எஸ்ஏ-ஐப் பயன்படுத்துவது அடியோடு நீக்கப்பட்டது.

வாய் திறந்து விடை சொல்லாத பொறியும் பேசும். 1996-இல் பால் கோச்சர், திறப்பதற்கு ஆகும் நேரத்தை அளந்தே இரகசிய அடுக்கைக் கணக்கிட முடியும் என்று காட்டினார். 2013-இல் டேனியல் ஜென்கின், எரான் டிரோமர் ஆகியோருடன் ஆதி ஷமீர் வெளியிட்ட ஆய்வு இன்னும் விசித்திரமானது. ஆம், ஆர்எஸ்ஏ-இன் நடு எழுத்துக்குரிய அதே ஷமீர். கணிப்பொறி கணக்கிடும்போது அதன் மின்சாரம் சீராக்கும் உறுப்புகள் மிக நுண்ணிய ஒலி எழுப்புகின்றன. தேர்ந்தெடுத்த பூட்டிய செய்திகளை ஒரு மடிக் கணிப்பொறிக்கு அனுப்பி, அது அவற்றைத் திறக்கும்போது எழும் ஒலியைப் பக்கத்தில் வைத்த கைபேசியாலோ நான்கு மீட்டர் தொலைவில் வைத்த நுண்ணொலி வாங்கியாலோ கேட்டு, ஒரு மணி நேரத்துக்குள் முழுச் சாவியையும் எடுத்துவிட்டனர். அந்தச் சாவி 4096 பிட் கொண்டது. பதின்ம முறையில் எழுதினால் 1,233 இலக்கம். அதைக் காரணிப்படுத்த எத்தனை கோடி ஆண்டாகும் என்ற கணக்கை இங்கே எழுதுவதில் ஏதேனும் பயனுண்டா?

கார்ட்னருக்காக வாதாடுவோர் சொல்லக்கூடியது இதுதான்: 1977-இல் இவை எவருக்குமே தெரியாது, மேலும், பொதுமக்களுக்கு எழுதும்போது எல்லாவற்றையும் சொல்ல முடியாது. முதற்கூற்றை முழுமனத்துடன் ஏற்கிறேன். அவர் தம் காலத்து அறிவைத் தெளிவாகத் தந்தார். இரண்டாவதை ஏற்பதற்கில்லை. மேலே 31-ஐ 17 ஆக்கிய கணக்கு ஒரு பத்திகூட நிரப்பவில்லை. எட்டாம் வகுப்புக் கணிதத்துக்கு மேற்பட்டதும் அதில் இல்லை. பூட்டுவதை விளக்க இடமிருக்கும் பக்கத்தில், பூட்டை ஏமாற்றுவதை விளக்கவும் இடமிருக்கும். எழுதுபவர்கள் அதைத் தள்ளிவிடுவதற்குக் காரணம் இடமின்மை அன்று. பிரபஞ்சத்தின் வயதோடு ஒப்பிடும் எண் தருகிற வியப்பை, ‘படிவம் சரியில்லை’ என்ற சொற்கள் தருவதில்லை, அவ்வளவே.

இதன் தீங்கு யாருக்கு என்றால், படித்துவிட்டுத் தானே செய்து பார்க்கும் மாணவருக்கு. பாடப் புத்தகத்துச் சூத்திரத்தை வைத்து நிரல் எழுதுவது இன்று எவருக்கும் ஒரு மாலைப் பொழுது வேலை. அவர் பெரிய பகா எண்களாகத் தேடிப் போடுவார். எண் பெரிதாக இருக்கிறதே என்று அமைதி கொள்வார். அவர் எழுதிய நிரல் நம் 33-ஐப் போலவே ஏமாறும். பகா எண்களைத் தேர்வதில்கூட இதே கதை உண்டு. 2012-இல் நாடியா ஹெனிங்கரும் அவருடைய குழுவினரும் வலையிலிருந்த பொதுத் திறவுகோல்களைத் திரட்டி, இரண்டிரண்டாக மீப்பெரு பொது வகுத்தி கண்டனர். பல கருவிகள் ஒரே பகா எண்ணைத் தமக்குள் பகிர்ந்துகொண்டிருந்தன. ஒழுங்கான தற்செயல் எண்கள் கிடைக்காத நிலையில் அவை சாவிகளை உண்டாக்கியதே காரணம். தனித்தனியே எவராலும் உடைக்க முடியாத இரண்டு பெரிய எண்கள், பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் யூக்ளிடின் பழைய முறைக்கே உடைந்தன.

இப்போது குவாண்டம் கணிப்பொறியைப் பற்றிப் பேச்சு மிகுந்திருக்கிறது. பீட்டர் ஷோர், 129 இலக்க எண் உடைந்த அதே 1994-இல், அத்தகைய பொறி ஒன்று போதிய அளவில் அமைந்தால் காரணிப்படுத்துவது எளிதாகிவிடும் என்று நிரூபித்தார். ஆகவே வேறு கணக்குகளின் மேல் நிற்கும் புதிய பூட்டுகளை உலகம் தேடத் தொடங்கியது. அத்தேடலில் முன்னேறி வந்த சைக் என்ற முறையை 2022-இல் வூட்டர் காஸ்ட்ரிக், தோமஸ் டெக்ரு இருவரும் சாதாரணக் கணிப்பொறி ஒன்றில் சுமார் ஒரு மணி நேரத்தில் உடைத்தனர். அதற்குக் குவாண்டம் பொறி எதுவும் தேவைப்படவில்லை. பழைய கணிதத்திலிருந்த ஒரு தேற்றமே போதுமானதாயிற்று.

2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் வெளியிட்ட புதிய தரங்களுள் எம்எல்-கெம் என்பது ஒன்று. முன்னர்க் கைபர் என்று வழங்கியது. பல பரிமாணங்களில் ஒழுங்காக அமைந்த புள்ளிக் கூட்டங்களைப் பற்றிய கடினமான கணக்கின் மேல் அது நிற்கிறது. செய்தி ஏடுகள் அந்தக் கடினத்தைப் பற்றியே எழுதின. நான் கவனிக்கச் சொல்வது அதன் கதவை. எய்ச்சிரோ ஃபுஜிசாக்கியும் தத்சுவாக்கி ஒகமோட்டோவும் 1999-இல் தந்த ஒரு யோசனையை அது தழுவியிருக்கிறது. பூட்டும்போது வேண்டிய தற்செயல் எண்களைச் செய்தியிலிருந்தே வருவித்துக்கொள்ள வேண்டும். பெறுபவர் திறந்து பார்த்ததும், கிடைத்த செய்தியைத் தாமே மறுபடி பூட்டி, வந்ததோடு ஒப்பிடுவார். வேடம் போட்டு வந்தது எதுவும் இதில் ஒத்துப்போகாது. ஒத்துப்போகாவிட்டால் ‘சரியில்லை’ என்ற விடைகூட வராது. கேட்டவனுக்கு எவ்விதப் பொருளும் தராத ஓர் எண்ணைச் சாவிபோல் வைத்துக்கொண்டு பொறி மேலே சென்றுவிடும். 1998-இல் ஒட்டாகப் போட்ட நடிப்பு இங்கே முறையின் உறுப்பாகவே ஆக்கப்பட்டிருக்கிறது.

அப்படி இருந்தும் 2023-இன் இறுதியில் கைபரின் மாதிரி நிரலில் ஒரு கசிவு தென்பட்டது. இரகசியத்தைச் சார்ந்த ஓர் எண்ணை வகுக்கும் இடத்தில், சில கணிப்பொறிகளில் அந்த எண்ணுக்கு ஏற்ப நேரம் சற்றுக் கூடிக் குறைந்தது. அந்த வகுத்தலைப் பெருக்கலாக மாற்றி எழுதித் திருத்தினர்.